பெயர் சொல்லாமல் வெட்டிய காசு

அருப்புக்கோட்டையிலிருந்து காசு வெட்டும் காளி கோயிலுக்கு எப்படிப் போவது என்று இதுவரை ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்ட அத்தனை பேரும் வெட்டுவதற்குத்தான் வழி கேட்டார்கள். முறிப்பதற்கு ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் நான் முறிக்கப் போன பயணத்தை எழுதுகிறேன். 1993, பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குக் கெடுதல் செய்தவர் மேல் போலீசுக்கும் போக முடியாது, பஞ்சாயத்துக்கும் போக முடியாது என்றால், ஒரு காசைக் காளி முன்னால் கல்லில் வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். பிறகு சமாதானம் ஆகிவிட்டால், வெட்டியவரும் வெட்டப்பட்டவரும் சேர்ந்து வந்து அந்த வெட்டை முறிக்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது.

நான் வெட்டியது என் வீட்டுக்காரர் மேல்.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவருக்குக் கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். வட்டில் பறந்திருக்கிறது, காற்றடிக்கும் பம்பு பறந்திருக்கிறது. 1984 ஐப்பசியில் ஸ்பேனர் பறந்தது. கேட்காமல் என் தம்பிக்கு ஒரு வாடகை சைக்கிளைக் கொடுத்துவிட்டேன், அவன் ரிம்மைக் கோணலாக்கிக் கொண்டு வந்தான், அவ்வளவுதான் காரணம். ஸ்பேனர் என் இடது காதில் பட்டது. அவரே என்னை கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். டாக்டர் கேட்டபோது துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காது அன்றோடு போனது. பார்க்க வந்த நாத்தனார், "காதுதான போச்சு, கண்ணா போச்சு?" என்று கேட்டாள். அவள் அன்று கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாம்பழ மஞ்சள்.

அதற்கு மறுநாளிலிருந்து அவர் ஒரு வேலை செய்தார். கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தரையில் வைப்பார். ஸ்டாண்டு போட்ட சைக்கிள் ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக் கம்பிகளை எண்ணுவார். பின் சக்கரத்தில் நாற்பது கம்பி. சக்கரம் சுற்றும்போது டிக், டிக், டிக் என்று சத்தம் வரும். அடுப்படியில் இருந்தபடியே இன்றைக்குக் கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். சில நாள் ஒரு சுற்று, சில நாள் ஐந்து சுற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பொருளும் பறக்கவில்லை.

நான் காசு வெட்டியது அவர் திருந்தாதபோது இல்லை. திருந்திய பிறகு. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தெருவில் எல்லாரும் அவரைத் தங்கமான மனுசன் ஆகிவிட்டார் என்று பேசத் தொடங்கினார்கள். என் காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. 1985 மாசியில், தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் ஒரு நாலணாவை வெட்டிவிட்டு வந்தேன்.

வெட்டும்போது பூசாரி பெயரைக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் காலத்தில் பொம்பளைகள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட அட்டையைத் தூக்கிக் காட்டுவோம். அவர் நாசமாகட்டும் என்று உளியைத் தூக்கிய எனக்கு அவர் பெயரை வாயால் சொல்ல முடியவில்லை. பூசாரி மூன்று தடவை கேட்டார். "எங்க வீட்டுக்காரவுக" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டினேன். வெட்டு கோணலாக விழுந்தது, சிங்கத்தின் கழுத்தில்.

பஸ் ஏறும்போதே சத்தம் தொடங்கிவிட்டது. செத்துப்போன இடது காதுக்குள் அந்த உளிச் சத்தம். டங். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. திரும்பவும் டங். எட்டு வருடம் அது என்னோடு இருந்தது.

1992 மார்கழியில் அவருடைய வலது கை மரத்துப் போனது. டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார். எறிந்த கை அதுதான். அந்தக் கையால் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க முடியவில்லை, ட்யூப் ஒட்ட முடியவில்லை. அதைவிட, சக்கரத்தைச் சுற்றி எண்ண முடியவில்லை. ஒரு சாயங்காலம் வாடகைக்கு எடுத்தவன் ஒருவன் பேச்சுக்குப் பேச்சு பேசிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் டிக் டிக்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், அவர் இடது கையில் பம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அவருக்கே தெரியவில்லை அது கையில் இருப்பது. நான் கதவுக்குப் பின்னால் போய் இடது காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். செத்த காதை எதற்குப் பொத்தினேனோ தெரியாது.

வந்தவன் போன பிறகு அவர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னுமா பயப்படுற?" என்று கேட்டார். அப்போதுதான் காசு வெட்டியதைச் சொன்னேன்.

அவர் பம்பைத் தரையில் வைத்தார். குந்தி உட்கார்ந்து, இடது கையால் திக்கித் திக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். நாற்பது. திரும்ப நாற்பது. திரும்ப நாற்பது. எத்தனை சுற்று என்று நானும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்பது சுற்று. அத்தனை சுற்று அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எழுந்து, "செவ்வாக்கெழம போவமா?" என்றார்.

இனிப் பயணம். அருப்புக்கோட்டையில் காலை 7.40க்கு பஸ். திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டேகால் ரூபாய். நான் எப்போதும் அவரை என் வலது பக்கம் உட்கார வைப்பேன். கேட்கிற காது அந்தப் பக்கம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான், படுத்தாலும் அப்படித்தான். என் இடது பக்கத்தில் அவர் வந்தால் நான் எழுந்து இடம் மாறிவிடுவேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை. அன்றைக்கும் நான் சொல்லாமலே வலது பக்கத்தில் உட்கார்ந்தார்.

8.25க்குத் திருச்சுழி. பஸ் ஸ்டாண்டு எதிரில் காபி குடித்தோம், எழுபத்தைந்து பைசா, பால் பானை கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அந்தக் கடை இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். 9.30க்கு பரளச்சி போகும் பஸ். நாங்கள் இறங்க வேண்டிய இடம் ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். ஊருக்குள் போகாமல் நடுவில் ஒற்றைப் பனை நிற்கும் விலக்கில், பாதை பிரிகிற இடத்தில், இறங்க வேண்டும். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு டிக்கெட்டா? அப்ப முறிக்கத்தான் போறீக."

எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வெட்டப் போறவுக ஒத்த டிக்கெட்டுதான எடுப்பாக," என்று சொல்லிவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து, "இந்த வருசத்துல நீங்கதான் மொத ரெண்டு டிக்கெட்டு," என்றார்.

விலக்கிலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் நடை. கரிசல் காடு, பருத்தி எடுத்து முடிந்து வெடிப்பு விட்டுக் கிடந்தது. முதல் ஒரு கிலோமீட்டர் வெட்டவெளி. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சீமைக் கருவேல் மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கை நிற்கும். அதுவரைக்கும் பாதையெல்லாம் கிடந்தது. அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. முள்ளில் காய் தொங்குகிறது, பழுத்து உதிர்ந்து கிடக்கிறது, தின்ன ஒரு ஆடு வரவில்லை. குருவிச் சத்தமும் கிடையாது. காற்று மேலே அடித்தது தெரிந்தது, கிளை ஆடியது, ஆனால் எங்கள் மேல் படவில்லை.

அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அவர் வருவது எனக்குப் பழக்கமில்லை. பாதி தூரத்தில் அவர் நின்றார்.

"கேக்குதா உனக்கு? யாரோ கல்லுல தட்டுறாக."

நான் நின்று வலது காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஆனால் இடது காதில் டங். கொஞ்ச நேரம் கழித்து டங். ஒவ்வொரு டங்குக்கும் அவர் கண் இமை அடித்தது. எட்டு வருடமாக எனக்குள்ளேயே இருந்த சத்தம் அவருக்கு வெளியிலிருந்து கேட்கிறது.

"கேக்குது," என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

10.50க்குக் கோயில். கோயில் என்றால் கூரை, மதில் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு வன்னி மரம், அதன் அடியில் ஆள் உயரத்துக்கு முகமில்லாத கல், அதற்கு முன்னால் குழி விழுந்த வெட்டுக்கல். சுற்றிலும் தரை முழுக்க வெட்டிய காசுகள், மீன் செதில் கொட்டிக் கிடக்கிற மாதிரி வெயிலில் மின்னும். கூலிக்கு வழியில்லாத ஊர் அது. ஆனாலும் ஒரு காசை ஒருவரும் எடுத்ததில்லை. மிதிக்காமல் நடக்க ஒரு அடி அகலத்துக்குப் பாதை விட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம்.

அங்கே யாரும் தட்டிக்கொண்டிருக்கவில்லை. பூசாரி மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இப்போது யார் வெட்டினார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, இன்றைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை, உளி பெட்டிக்குள் இருக்கிறது என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் கண்ணில் பூ விழுந்திருந்தது. இருந்தும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"பேரு சொல்லாமப் போன தாயிதான நீ?"

மரத்துக்குப் பின்னால் ஒரு மண்பானை கவிழ்த்து வைத்திருந்தது. அதை நிமிர்த்தினார். உள்ளே இருந்தவை குவியலாகத் தரையில் கிடந்தன, எல்லாம் பாதிக் காசுகள். பெயர் சொல்லி வெட்டியதெல்லாம் வெளியே கிடக்கும், பெயர் இல்லாததை மட்டும் எடுத்து இங்கே மூடி வைப்பாராம். வெளியே விட்டால் வெட்டினவர் பின்னாலேயே போய்விடும், மூடி வைத்தும் சத்தம் மட்டும் போய்விடுகிறது என்றார். நான் அவரிடம் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இம்புட்டுப் பேரா பேரு சொல்லாம வெட்டிருக்காக?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பூராம் பொம்பளைக. பூராம் வீட்டுக்காரன் மேல வெட்டுனது," என்றார் பூசாரி. "வெட்டக் கை வருது. பேரு சொல்ல வாய் வரல."

என் வீட்டுக்காரர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு கையில் அள்ளினாலும் அள்ள முடியாது. நான் உட்கார்ந்து துழாவினேன். ஐந்து பைசா, பத்து பைசா, ஓட்டைக் காலணாகூட ஒன்று இருந்தது. அது எந்தக் கிழவி வெட்டியதோ. விரலில் ஒன்று பட்டதும் இடது காதில் சத்தம் நின்றது. எடுத்துப் பார்த்தால் நாலணா, சிங்கத்தின் கழுத்தில் கோணல் வெட்டு. இன்னொரு பாதி அதற்கு அடியிலேயே இருந்தது.

உச்சி வரைக்கும் காத்திருக்க வேண்டும். நிழல் காலுக்குள் வந்த பிறகுதான் முறிப்பு. கொண்டுபோன தண்ணீரில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டோம். பூசாரி முறையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்து, கையை வெட்டுக்கல்லின் மேல் வைக்க வேண்டும். நான் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, "முறிச்சேன்" என்று சொல்ல வேண்டும். பெயர் இல்லாத வெட்டை அப்படியே முறிக்க முடியாது. முதலில் அதற்குப் பெயர் வேண்டும்.

"ஒண்ணு கேட்டுக்க தாயி," என்றார். "பேரச் சொன்ன மூச்சுலயே முறிச்சேன்னு சொல்லிறணும். பேரோட நின்னுட்டா அது பேருக்குப் போயிரும். எட்டு வருசமா நிக்கிற வெட்டு."

அதாவது நடுவில் நான் நிறுத்திவிட்டால், அன்று வெட்டியது இன்றைக்குத்தான் அவர் மேல் விழும். இது என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. அவருக்கு என்னைத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் போனவன் யார் என்று கேட்டாலும் சொல்லுவேன். அவர் கொஞ்ச நேரம் காளியைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, அந்த மரத்துப்போன வலது கையை இடது கையால் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். கல் அடுப்பு மாதிரிக் கொதித்திருக்கும். அவருக்குச் சூடு தெரியவில்லை.

தண்ணீரை ஊற்றினேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன். இங்கே எழுத இப்போதும் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னதும் எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் நின்றுவிட்டேன்.

வேண்டுமென்று நிறுத்தினேனா, மூச்சு வரவில்லையா என்று இவ்வளவு வருடம் கழித்தும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஸ்பேனர் வந்த வேகம் தெரிந்தது. கேரியரில் உட்கார்ந்து போனபோது அவர் சட்டை முதுகில் என் ரத்தம் ஒட்டியது தெரிந்தது. மாம்பழ மஞ்சள் சேலை தெரிந்தது. அந்தக் குவியலில் கிடந்த அத்தனை பாதிக் காசும் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. மரத்தில் இலை அசையவில்லை. சொம்புத் தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது.

பூசாரி பதறிவிட்டார். "சொல்லு தாயி, சொல்லிரு."

"விடுங்க," என்றார் என் வீட்டுக்காரர். கையை எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை. "அவ நேரத்துக்குச் சொல்லட்டும்."

"முறிச்சேன்," என்று சொன்னேன்.

கடைசிச் சொட்டு விழுந்தபோதுதான் சொல்லியிருக்கிறேன். பூசாரி குனிந்து காசைப் பார்த்தார். இரண்டு பாதியையும் வாங்கி, பாதையை விட்டு எட்டிப் போய் எங்கோ புதைத்துவிட்டு வந்தார். எங்களுக்கு இடத்தைக் காட்டவில்லை. போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். பானையைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

கருவேல் காட்டைத் தாண்டி, ஆட்டுப் புழுக்கை திரும்பத் தொடங்குகிற இடத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். நான் முன்னால் நடந்துகொண்டிருக்கிறேன், அவர் எனக்குப் பின்னால் வருகிறார். அவரும் அதைச் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்கப்போவதற்குப் பதில். அவருடைய கை புரட்டாசிக்குள் முக்கால்வாசி சரியானது. மாத்திரையாலா, முறித்ததாலா என்று என்னிடம் கேட்காதீர்கள், மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார். பெருவிரல் மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை. சக்கரம் சுற்ற நான்கு விரல் போதும். என் காது திரும்பவில்லை. சத்தம் அன்றோடு நின்றது.

போகிறவர்களுக்கு: காலை 7.40 பஸ்ஸை விடாதீர்கள், விட்டால் உச்சிக்குள் போய்ச் சேர முடியாது. பஸ் நேரமும் டிக்கெட் விலையும் இப்போது மாறியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். விலக்குக்கு அப்பால் கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு குடை. மஞ்சள் கிழங்கு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பொம்பளைகள் போவதற்கு முன் ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் பெயரை வாய் விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நான் பழகாமல் போனேன். இன்னும் கையை ஓங்குகிற ஆளோடு இந்தப் பயணம் போக வேண்டாம், அவனுக்கு முறிப்பு எதற்கு. கையில் எடுத்ததைத் தானாகத் தரையில் வைக்கக் கற்றுக்கொண்ட ஆளாக இருந்தால் மட்டும் இரண்டு டிக்கெட் எடுங்கள். விலக்கில் இறங்கி ஊர்க்காரர்களிடம் முறிக்கப் போகிறோம் என்று சொல்லி வழி கேளுங்கள். வெட்டப் போகிறவர்களுக்கு எனக்கு வழி தெரியாது.

திரும்பும் பஸ் பகல் 2.15க்கு, அதே ஒற்றைப் பனை, நேராக அருப்புக்கோட்டைக்கு. கூட்டமில்லை. நான் முதலில் ஏறி, வலது ஓரத்து ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் ஏறி வந்து, எனக்கு இடது பக்கம்தான் இடம் இருக்கிறது என்று பார்த்து, நான் எழுந்திருப்பதற்காக நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தார். திருச்சுழி தாண்டி எங்கோ வரும்போது என் பக்கமாகச் சாய்ந்து, அந்தக் காதுக்குள் ஏதோ சொன்னார். மூச்சு மட்டும் சூடாகப் பட்டது. நெடுநேரம் சொன்னார். வார்த்தை ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை, அது அவருக்கும் தெரியும். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்கிற வரைக்கும் கேட்கவில்லை.